சாய்ந்து, காடாகிப்போன வேலிச்செடியை மீட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வேலிச்செடி ஒரே ராத்திரியில் சாய்வதில்லை. இரண்டு மூன்று வருடமாக மேலாக மட்டும் கத்தரித்துவிட்டு வந்திருப்போம். அது உள்ளுக்குள் கட்டை பாய்ந்து, அடியில் மொட்டையாகி, தலையில் மட்டும் குடைபோல விரிந்து நிற்கும். பிறகு ஒரு மழைநாள் காலையில் பார்த்தால் நடைபாதைமேல் வந்து படுத்திருக்கும். உடனே எல்லோரும் தேடுவது கயிற்றைத்தான்.

கயிறு கொஞ்சம் பொறுக்கட்டும். நான் அந்த அவசரத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தலைக்கு மேல் வளர்ந்து வெளிப்பக்கம் சாய்ந்திருந்த செம்பருத்தி வரிசை அது. ஒரு கிளையைக்கூட வெட்டாமல் இரண்டு பேர் சேர்ந்து இழுத்து நிமிர்த்திக் கட்டினோம். பார்க்க நேராகத்தான் நின்றது. அடுத்து அடித்த காற்றில் மூன்று செடிகள் தூரோடு பெயர்ந்து விழுந்தன. அடியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சாயும்போது அறுபடாமல் தப்பித்திருந்த வேர்களை நாங்களே இழுத்து அறுத்திருந்தோம். மேலே பாரம் அப்படியே இருந்தது, கீழே பிடிக்க ஒன்றும் இல்லை.

அதனால் இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம், எதை அப்புறம் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். சாய்வு எங்கே ஆரம்பிக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். நிமிர்த்துவது அதற்குப் பிறகு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். அழகான வடிவம் கடைசியில்தான் வரும். அதற்கு ஒரு வருடம், பல சமயம் இரண்டு வருடம் ஆகும்.

## சாய்வு எங்கே ஆரம்பிக்கிறது?

தூரிலிருந்து, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். இலை மறைத்தால் கையால் விலக்கிப் பாருங்கள். சாய்வு மூன்று இடத்தில் எங்காவது ஒன்றில் இருக்கும்.

தூரும் நடுத்தண்டும் நேராக இருந்து, மேலே உள்ள இலைக்கூட்டம் மட்டும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் காரணம் வெளிச்சம். ஒரு பக்கம் சுவரோ பெரிய மரமோ நிழல் போட்டால், நிழல்பக்கத் தண்டில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சேரும். அந்தப் பக்கத்துச் செல்கள் நீளும், தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். நம் பக்கத்தை மட்டும் ஒழுங்காகக் கத்தரித்து, எட்டாத மறுபக்கத்தை அப்படியே விட்டுவந்தாலும் இதே நிலைதான். இந்தச் சாய்வுக்குக் கயிறே வேண்டாம், கத்தரி போதும்.

தூர் நேராக இருந்து, முழங்கால் உயரத்துக்கு மேல் தண்டே வில்போல வளைந்திருந்தால் அது தலைப்பாரத்தால் வந்தது. கொடி ஏறியிருந்தால் பாரம் இன்னும் கூடும். மழையில் நனைந்த கொடி எவ்வளவு கனம் என்பது அதை அறுத்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தண்டு நேர்கோடாக இருக்கும், ஆனால் செடி முழுவதும் தூரிலிருந்தே சரிந்திருக்கும். சாய்ந்த திசைக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்திருக்கும், அல்லது மேடுபோல எழும்பியிருக்கும். வேர் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். உறுதி செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. தண்டை நெஞ்சு உயரத்தில் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் குனிந்து தூரைச் சுற்றியுள்ள மண்ணைப் பார்க்கட்டும். தண்டு மட்டும் ஆடினால் சரி. மண்ணும் சேர்ந்து மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கினால் பிரச்சினை வேரில்.

குனிந்ததும் குனிந்தோம், தூரை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். உள்ளே மெத்தென்று இறங்கினால் அழுகலோ கரையானோ இருக்கிறது. தூர் பாதிக்குமேல் உளுத்துப்போன செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம், எடுத்துவிட்டு வேறு நடுவது நல்லது. மழைநீர் ஓடி வேர் வெளியே தெரிகிறதா என்பதையும் இப்போதே கவனியுங்கள். மண் அரிப்பை நிறுத்தாமல் மேலே என்ன செய்தாலும் அடுத்த வருடம் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்போம்.

## வெட்டினால் துளிர்க்குமா?

கத்தரியை எடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. இதில் தவறினால் திருத்த வழியில்லை.

சில செடிகளில் பழைய கட்டையின் பட்டைக்கு அடியிலும் உறங்கும் மொட்டுகள் இருக்கும். மேலே வெட்டி வெளிச்சம் பட்டதும் அவை விழித்துக்கொள்ளும். செம்பருத்தி, துரந்தா, காகிதப்பூ, மருதாணி, அரளி, கொடுக்காப்புளி எல்லாம் இந்த வகை. தூர்வரை வெட்டினாலும் திரும்ப வரும். இட்லிப்பூவும் வரும், ஆனால் மெதுவாக. அதை ஒரேயடியாக மொட்டையடித்தால் மாதக்கணக்கில் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

துஜா, சைப்ரஸ் போன்ற ஊசியிலைச் செடிகளின் கதையே வேறு. இலையில்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டினால் அந்த இடம் பெரும்பாலும் நிரந்தர மொட்டைதான். பச்சை இருக்கும் எல்லைக்குள்ளேயே கத்தரிக்க வேண்டும். சவுக்கு வேலியும் பழைய கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதில்லை. யூ போன்ற சில ஊசியிலை மரங்கள் மட்டும் விதிவிலக்காக, பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். இப்படிப்பட்ட துளிர்க்காத வேலி ஐந்தடி அகலத்துக்குப் பரந்துவிட்டதென்றால் அதை இரண்டடியாகக் குறைக்க முடியாது. உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அகலத்தோடு வாழப் பழகலாம், இல்லையென்றால் மாற்றலாம்.

உங்கள் செடி எந்த வகை என்று தெரியவில்லையா? கண்ணில் படாத மூலையில் இரண்டு கிளைகளை மட்டும் பழைய கட்டைவரை வெட்டிவிட்டு, வளரும் பருவத்தில் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருங்கள். கணுக்களில் பச்சைப் புள்ளி முளைத்தால் தைரியமாக இறங்கலாம். காய்ந்ததுபோலத் தெரியும் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பதும் உதவும். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

## எப்போது செய்வது?

செடி வேகமாக வளரப்போகும் பருவத்துக்குச் சற்று முன்னால். குளிர் கடுமையான இடங்களில் குளிர்காலம் முடியும் தறுவாய். மழையை நம்பி வளரும் இடங்களில் மழை தொடங்கும் சமயம். உச்சி வெயில் காலத்தில் பெரிய வெட்டு வேண்டாம். இத்தனை நாள் இலைநிழலில் இருந்த பட்டைமேல் திடீரென்று நேர்வெயில் விழுந்தால் பட்டை வெந்து வெடிக்கும். புயலோ பெருங்காற்றோ வரும் காலத்துக்கு முன் தலைப்பாரத்தை மட்டுமாவது குறைத்துவிடுவது நல்லது. அதற்குப் பருவம் பார்க்க வேண்டாம்.

பூவுக்காகவும் வைத்திருந்தால், அந்த வருடத்துப் புதுக்கிளையில் பூக்கும் செடியை வளர்ச்சி தொடங்கும் முன் வெட்டுங்கள். போன வருடத்துக் கிளையில் பூப்பதை, பூத்து முடிந்த கையோடு வெட்டுங்கள். நாள் பார்க்கும்போது உள்ளே பறவைக்கூட்டையும் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை முடிக்கலாம், அல்லது சில வாரம் தள்ளிப்போடலாம். பயன்பாட்டில் இருக்கும் கூட்டைக் கலைப்பது சில நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

## கருவிகள்

அதிகம் வேண்டாம். விரல் பருமன் கிளைக்குக் கவாத்துக் கத்தரி. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்கும் வகையாக வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான தகட்டின்மேல் இடிக்கும் வகை, பச்சைக் கிளையை நசுக்கிவிடும். அதைவிடப் பருத்ததற்கு, சுமார் 4 சென்டிமீட்டர்வரை, லாப்பர் என்று விற்கும் நீளக் கைப்பிடிக் கத்தரி. அதற்கும் மேல் கைரம்பம். இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வேலிக்கத்தரியும் மின்சார டிரிம்மரும் பிறகு வரும் இளந்தளிருக்குத்தான். காடாகிப்போன வேலியில் டிரிம்மரை எடுத்துக்கொண்டு இறங்குவது வீண். மேல்தோல்தான் சமமாகும், உள்ளே இருக்கும் சிக்கல் அப்படியே இருக்கும்.

அலகைத் தீட்டிக்கொள்ளுங்கள். நோய் தெரியும் செடியை வெட்டிய பிறகு 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திருகுகள்ளி வேலியாக இருந்தால் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளியில் இலை, தண்டு, பூ எல்லாமே விஷம். வெட்டியதை ஆடுமாடு தின்னும்படி போடக்கூடாது, எரிக்கவும் கூடாது, புகையும் விஷம்தான்.

ஏணியைச் சாய்ந்த வேலிமேல் ஒருபோதும் சாத்தாதீர்கள். தனியே நிற்கும் ஏணி அல்லது பலகை மேடை வேண்டும். மேலே மின்கம்பி போனால் அந்தப் பகுதி உங்கள் வேலை இல்லை.

## முதல் நாள்: உள்ளே சுத்தம் செய்வது

வெளியே ஒரு இலையையும் தொடாமல் உள்ளேயிருந்து ஆரம்பியுங்கள். குச்சியால் தட்டி, குளவிக்கூடு, பாம்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு கையை விடுங்கள்.

கொடிகளை மண்ணருகே அறுத்து விடுங்கள், இழுக்காதீர்கள். பச்சைக்கொடியை இழுத்தால் அது சுற்றியிருக்கும் நல்ல கிளையும் ஒடிந்து வரும். இரண்டு வாரம் காயவிட்டால் கையோடு உதிர்ந்து வரும். புல்லுருவி இருந்தால் அதை மட்டும் பிய்த்தெடுப்பது பயன் தராது. அதன் வேர் கிளைக்குள் ஊடுருவியிருக்கும். அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு அடி கீழே, கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும்.

அடுத்து காய்ந்தது, ஒடிந்தது, ஒன்றோடொன்று உரசுவது. இவற்றை எடுத்து முடித்ததும் வேலி பாதி லேசாகிவிட்டதுபோலத் தோன்றும், சாய்வும் சற்றுக் குறைந்து தெரியும். இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு வெட்டினோம் என்பது வெட்டிக்கொண்டே இருக்கும்போது தெரியாது. கத்தரி கையில் இருந்தால் யாருக்கும் ஒரு வெறி வந்துவிடும்.

கனமான கிளையை ரம்பத்தால் அறுக்கும்போது ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால், முடியும் தறுவாயில் கிளை தன் எடையால் ஒடிந்து, தாய்த்தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாகச் செய்யுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கிக் கால்வாசி ஆழம் ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சமிருக்கும் கட்டைத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போலப் புடைத்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே மூன்றாவதாக வெட்டுங்கள்.

அந்தப் புடைப்பை மட்டும் தொடக்கூடாது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பிளந்து ஆராய்ந்தவர். மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை, காயத்தைச் சுற்றி மரம் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பிக்கொள்கிறது என்பதை 1970களில் விளக்கினார். கிளைப்பக்கத்தில் அந்தச் சுவர் எழும்புவது இந்தப் புடைப்புக்குள்தான். தண்டோடு தண்டாக வழித்து வெட்டினால் சுவர் கட்டும் இடமே போய்விடும். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசும் பழக்கம் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் இதே ஆய்வுகளில் தெரிந்ததுதான். காயவிட்டால் போதும்.

## உயரத்தைக் குறைப்பது

சாய்ந்த வேலிக்கு இதுதான் உண்மையான மருந்து. காற்று தள்ளும் விசையும் நனைந்த இலையின் எடையும் உயரத்தில் இருக்கும்போது தூர்மேல் நெம்புகோல்போல வேலை செய்கின்றன. உச்சியில் ஒரு கூடை இலையை எடுப்பது, அடியில் மூன்று கூடை எடுப்பதைவிடத் தூருக்கு அதிக நிம்மதி.

இரண்டு முனையிலும் கம்பு நட்டு, வேண்டிய உயரத்தில் நூல் கட்டுங்கள். அந்த நூலுக்கும் 15 சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். புதுத்தளிர் வந்து கட்டை முனைகளை மூடவும், அதற்குப் பிறகு நூல்மட்டத்தில் சமன் செய்யவும் அந்த இடைவெளி வேண்டும். சரியாக நூலிலேயே வெட்டினால், வருடம் முழுக்க வெட்டுக்காயங்களைத்தான் பார்ப்பீர்கள்.

ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்கோ பக்கக்கிளைக்கோ அரை விரற்கடை மேலே, லேசான சரிவில் இருக்கட்டும். எந்தப் பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேல் வெட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் புதுக்கிளை போகும். சாய்ந்த வேலியில் இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். சாய்ந்த திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் மொட்டாகத் தேர்ந்து அதன் மேல் வெட்டினால், அடுத்த வளர்ச்சி பாரத்தை மெதுவாக மறுபக்கம் கொண்டுவரும்.

எவ்வளவு குறைக்கலாம்? செடி சோர்ந்திருந்தால் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நன்றாகத் துளிர்க்கும், ஆரோக்கியமான செடியில் பாதிவரை போகலாம். வேர் பிடி விட்ட செடியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாரம் குறைய வேண்டும், ஆனால் புதுவேர் விட இலை உணவு தயாரிக்க வேண்டும். அதனால் உச்சியைத் தாராளமாகக் குறைப்பேன், அடிப்பகுதி இலையைத் தொட மாட்டேன்.

## பக்கங்கள்: இந்தப் பருவம் ஒன்று, அடுத்த பருவம் மற்றொன்று

பரந்துவிட்ட வேலியின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் நடுத்தண்டுவரை வெட்டினால், இலையே இல்லாத எலும்புக்கூடு மிஞ்சும். செம்பருத்தி அதையும் தாங்கும். பல செடிகள் தாங்காது. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் இப்போது உள்வரை வெட்டி, மறுபக்கத்தை லேசாகத் தட்டிவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பக்கம் அடர்த்தியாகத் துளிர்த்த பிறகு, பெரும்பாலும் அடுத்த வருடம், மறுபக்கம்.

எந்தப் பக்கம் முதலில் என்று யோசிக்கவே வேண்டாம். சாய்ந்திருக்கும் பக்கம்தான், பாரம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, அந்தப் பக்கம் திறந்ததும் உள்ளே வெளிச்சம் விழும், இதுவரை மொட்டையாக இருந்த நடுத்தண்டிலும் மொட்டு விழிக்கும். மறுபக்கம் அடுத்தவர் இடத்தைப் பார்த்திருந்தால் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் திடீரென்று தன் பக்கத்தை மொட்டையடித்தால் நம் இரண்டு வருடத் திட்டம் அவ்வளவுதான்.

## நிமிர்த்துவது

இப்போது கயிற்றுக்கு வேலை வந்துவிட்டது. எல்லாச் செடிக்கும் அல்ல.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது மனிதருக்குச் சரியோ தவறோ, கட்டைக்கு நூற்றுக்கு நூறு சரி. கட்டைவிரல் பருமன்வரை உள்ள தண்டை வளைத்து நேராக்கலாம். அதற்கு மேல் பருத்து வளைந்த தண்டை வளைக்க முயன்றால் உள்ளே நார் கிழியும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, வளைவுக்குக் கீழே உள்ள நல்ல கணுவில் வெட்டி, அங்கிருந்து நேராக எழும் புதுக்கிளையை அடுத்த தண்டாக்குவதே வழி.

வேரோடு சரிந்த செடியை, தண்டு மணிக்கட்டுப் பருமனுக்குள் இருந்து, சரிந்து சில நாள்தான் ஆகிறதென்றால், நிமிர்த்தலாம். முந்தின நாள் மண்ணை நன்றாக ஊறவிடுங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் வேர் மேலே தூக்கிக்கொண்டிருக்கும், அதன் அடியில் மண் சரிந்து நிரம்பியிருக்கும். அந்த மண்ணைக் கையால் தோண்டி எடுத்தால்தான் வேர் தன் பழைய இடத்தில் உட்காரும். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான். இடம் இல்லாமல் இழுத்ததால் வேருக்கு அறுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரே இழுப்பில் நேராக்க வேண்டாம். ஒரு நாளைக்குக் கையகலம் போதும், சில நாள் விட்டு மறுபடி. நேரானதும் வேரைச் சுற்றி மண்ணை நிரப்பி, காலால் மிதித்து இறுக்காமல் தண்ணீர் ஊற்றி அமரவிடுங்கள்.

தனிச்செடி என்றால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தூரிலிருந்து இரண்டடி தள்ளி, செடிக்கு எதிர்த்திசையில் சரித்து ஒரு முளை அடித்து அதில் கட்டுங்கள். முழு வரிசையும் சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் முளை அடிப்பது வீண் வேலை. எதிர்ப்பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, இடுப்பு உயரத்தில் தடித்த கம்பி ஓட்டி, ஒவ்வொரு செடியையும் அதில் பிணையுங்கள். வரிசை முனைக் கம்பங்கள்தான் இழுவையைத் தாங்கும், அவற்றுக்கு மட்டும் முட்டுக் கொடுங்கள்.

தண்டைக் கம்பியோ நைலான் கயிறோ நேரடியாகத் தொடக்கூடாது. பழைய சைக்கிள் டியூபை நீளமாக அறுத்துப் பயன்படுத்துங்கள், அதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. தண்டுக்கும் முளைக்கும் நடுவே குறுக்கே மாற்றி, எட்டுப்போலச் சுற்றுங்கள். குறைத்த உயரத்தில் பாதிக்கு மேல் கட்டாதீர்கள். மேல்பகுதி காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும், வேர் இறங்கும். அசையவே முடியாமல் கட்டிய செடி, கட்டை அவிழ்த்ததும் மறுபடி படுக்கும்.

சரிந்து பல மாதமாகி, வேரும் தண்டும் புதுநிலையில் இறுகிவிட்டன என்றால்? நிமிர்த்தும் ஆசையை விட்டுவிட்டு, நன்றாகத் துளிர்க்கும் செடியாக இருந்தால் தூரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மொத்தமாக வெட்டிவிடுங்கள். பார்க்க மனசு கேட்காது. ஆனால் நன்கு வேரூன்றிய பழைய தூரிலிருந்து வரும் கிளைகள் நேராகவும் வேகமாகவும் எழும்பும். நான்கைந்து நல்ல கிளையை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால், புதிதாக நட்ட செடியைவிட முன்னதாக வேலியாகிவிடும்.

## வெட்டிய பிறகு

மழை இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறை, இருமுறை ஆழமாகத் தண்ணீர். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், அதுவே சாய்வுக்கு அடுத்த காரணமாகும். மக்கிய தொழுவுரத்தை வரிசை நெடுகப் போட்டு, அதன்மேல் ஐந்து ஆறு சென்டிமீட்டர் கனத்துக்கு இலைச்சருகால் மூடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம், பட்டை அழுகும். யூரியா மாதிரி வேக உரத்தை இப்போது தொடாதீர்கள். கிளை நீளமாக, மெலிதாக ஓடி மறுபடி தலை கனக்கும்.

இனிமேல்தான் அடர்த்தி வரப்போகிறது. புதுக்கிளை ஒரு சாண் வளர்ந்ததும் பாதியாகக் கிள்ளுங்கள். நுனிமொட்டு தனக்குக் கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் கீழே இரண்டு மூன்று கிளை பிரியும். அவை ஒரு சாண் வந்ததும் மறுபடி கிள்ளுங்கள். "நன்றாக வளர்கிறதே, ஏன் வெட்ட வேண்டும்" என்று விட்டுவிடுவதால்தான் பல வேலிகள் இரண்டே வருடத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

வடிவத்தில் ஒரே விதி. அடி அகலமாக, உச்சி குறுகலாக. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் உள்வாங்கினால் போதும். அதாவது ஒன்றரை மீட்டர் வேலிக்கு அடியில் 80, உச்சியில் 50. மேல்பகுதி அடிக்கு நிழல் போடாது, அடி மொட்டையாகாது. கண்ணுக்கு நேர்ச்சுவர்போல வெட்டினால், மேலே வளர்ச்சி வேகம் அதிகம் என்பதால் சில மாதத்தில் அது தலைகீழ்க் கூம்பாகியிருக்கும். கண்ணை நம்பாமல், அந்தச் சரிவில் இரண்டு கம்பை நட்டு நூல் பிடித்து வெட்டுங்கள்.

இடைவெளி விழுந்த இடத்தில் உடனே புதுச்செடி நட வேண்டாம். பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் பட்டையைக் கொஞ்சம் சுரண்டி, மண்போட்டு மூடி, மேலே ஒரு கல் வையுங்கள். இப்படிப் பதியம் போட்ட கிளை தாய்ச்செடியிடமிருந்தே உணவு வாங்கிக்கொண்டு வேர் விடும். பழைய வேர்களுக்கு நடுவே நட்ட புதுச்செடி நீருக்கும் வெளிச்சத்துக்கும் திண்டாடுவதைவிட இது உறுதியாகப் பிடிக்கும்.

கட்டுகளை மாதம் ஒருமுறை பார்த்து, தண்டில் பதிய ஆரம்பித்தால் தளர்த்துங்கள். ஒரு வருடம் கழித்து, காற்றில்லாத நாளாகப் பார்த்து அவிழ்த்துவிட்டு, முதல் நாள் செய்ததுபோலவே தண்டை நெஞ்சு உயரத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மண் அசையாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடலாம். அசைந்தால், உச்சியில் இன்னும் ஒரு சாண் குறைத்து, டியூபைத் திரும்பக் கட்டி அடுத்த பருவம்வரை விட்டுவையுங்கள்.